வாடாத மனை

திருமணம் என்றதும் நம்மவர் வீடுகளில் மூன்று பட்டியல்கள் உருவாகும். அழைக்க வேண்டியோர் பட்டியல் ஒன்று; வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் மற்றொன்று; மணம் வெளியூரில் என்றால், 'வந்ததுதான் வந்தோம், நாலு இடம் பார்த்துவிட்டுப் போவோம்' என்று பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் மூன்றாவது. முதலிரண்டையும் வீட்டுப் பெரியவர்கள் அலசி ஆராய்வர். மூன்றாவதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. கண்ணுக்கு விருந்துதானே, கருத்துக்கு அதில் என்ன வேலை என்பது பலருடைய எண்ணம். ஆனால், ஒரு நகரம் தன்னை நாடி வருவோர்க்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதைக் கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! அந்த நகரின் நெஞ்சம் தெரியும். காணச் சென்ற நம் நெஞ்சமும் தெரிந்துவிடும்.

2024 பிப்ரவரித் திங்களில் கணவனும் மனைவியுமாக நாங்கள் புனே நகருக்குப் பயணமானோம். அதுவரை நாங்கள் கண்டிராத நகரம். எங்கள் தமையனார் அங்கே குடியேறி ஆண்டுகள் பல ஆகின்றன. அவருடைய மகளுக்கு மணம். அவள் அங்கேயே படித்து, அங்கேயே பணியில் அமர்ந்து, உடன் பணிபுரியும் மராட்டிய இளைஞரைத் தானே தேர்ந்தாள். சாதி வேறு, மொழி வேறு, உள்ளம் ஒன்று. இரு வீட்டாரும் இசைந்தனர் என்று கேட்டபோது, எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. 'மணநாளுக்கு முன்னரே வந்து ஊரைச் சுற்றிப் பாருங்கள்' என்று தமையனார் அழைத்தார். செவ்வாய்க்கிழமை மாலையே போய்ச் சேர்ந்தோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் எங்கள் பெற்றோரின் மணப்படம் தொங்குகிறது. 1958-இல் எடுத்தது. மேடையில் ஓமகுண்டம் இல்லை, ஒலிபெருக்கி இருக்கிறது. புரோகிதர் இல்லை, இயக்கத் தோழர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். மணமக்கள் மாலையும் கழுத்துமாக நிற்கின்றனர். இன்று பார்ப்போர்க்கு அது ஒரு பழைய படம். அன்றோ, அது அஞ்சா நெஞ்சின் அறிவிப்பு! சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்திருந்த காலம் அது. அத்தீர்ப்பை அறிந்தே அவர்கள் மேடையேறினர். 1960-இல் பிறந்த எங்கள் தமையனார், சட்டத்தின் கண்ணுக்கு முறையான மகனாக ஏழாண்டுகள் காத்திருந்தார். 1967-இல் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டிலேயே இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு தமிழ்நாட்டுக்கெனச் சேர்க்கப்பட்டது. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றாரும் நண்பரும் சூழ்ந்திருக்க, தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக மணமக்கள் சொன்னால் போதும்; மாலை மாற்றினால் போதும்; மோதிரம் அணிவித்தால் போதும்; தாலி கட்டினாலும் போதும். புரோகிதர் தேவையில்லை. முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும்! அந்த ஒரு வரிதான் எங்கள் தாயை மனைவியாக்கிற்று, தமையனாரை மகனாக்கிற்று.

அந்தப் படத்தின் கீழே அமர்ந்துதான் தமையனார் சொன்னார்: "தம்பி! வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகம், அது அரசாங்கத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஓமம், கன்னிகாதானம் எல்லாம் உண்டு, அது ஊருக்கு. புரோகிதருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. பெண்தான் முரண்டு பிடிக்கிறாள். நீங்கள் இருவரும் எடுத்துச் சொன்னால் கேட்பாள்."

திகைத்தோம். "அண்ணா, நீங்களா இதைச் சொல்வது?" என்றோம்.

அவர் இரண்டு காரணம் சொன்னார். "நம் ஊர்ச் சட்டம் இந்த ஊரில் செல்லாதே!" என்பது முதற் காரணம். உண்மைதான், 7-அ பிரிவு மராட்டிய மண்ணில் நடைமுறையில் இல்லை. ஆனால், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் நாடெங்கும் இருக்கிறதே! முப்பது நாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்து, பதிவு அலுவலர் முன்னும் மூன்று சாட்சிகள் முன்னும் உறுதிமொழி கூறினால், எரியோம்பாமலும் மணம் நிறைவுறும். மணமக்கள் அதற்கான அறிவிப்பை முன்னரே கொடுத்திருந்தனர். முதற் காரணம் அங்கேயே விழுந்தது. "மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பர்? அவர்கள் மனம் நோகலாமா?" என்பது இரண்டாவது. அதற்கு அன்றிரவு எங்களிடம் விடை இல்லை. பெண்ணோ ஒரே சொல்லில் முடித்தாள்: "சித்தி, தானம் கொடுப்பதற்கு நான் என்ன பசுமாடா?"

மறுநாள் காலை, தமையனார் கொடுத்த பட்டியலோடு ஊர் பார்க்கப் புறப்பட்டோம். பட்டியலின் தலையில் இருந்தது சனிவார் வாடா. 'வாடா' என்றால் மராட்டியில் மனை. சனிக்கிழமையன்று கால்கோள் நடந்ததால் சனிவார் வாடா. பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730-இல் தொடங்கி, 1732-இல் குடிபுகுந்த மாளிகை. வானளாவிய மதில், தில்லி வாயில் என்னும் பெருங்கதவு, அதில் யானை முட்டித் தகர்க்காதபடி பதித்த கூரிய இரும்பு முட்கள். உள்ளே நுழைந்தால்? புல்வெளியும் அடித்தளக் கற்களுமே எஞ்சியிருக்கின்றன. 1828-இல் பற்றிய தீ மாளிகையை விழுங்கிவிட்டது. யானைக்கு அஞ்சி முள் வைத்தனர்; தீக்குத் தெரியுமோ முள்ளின் அருமை!

வழிகாட்டி ஒருவர் கூட்டத்தைச் சேர்த்துவைத்துப் பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். 1773-இல், நாராயணராவ் என்னும் பதினெட்டு வயதுப் பேஷ்வா இம்மாளிகையிலேயே காவலர் கையால் வெட்டுண்டு மாண்டான். சிற்றப்பன் இரகுநாதராவின் சூழ்ச்சி என்பர். இது வரலாறு. முழுநிலா இரவுகளில், 'சித்தப்பா, காப்பாற்றுங்கள்!' என்று அவன் குரல் இன்றும் கேட்கிறதாம்; இது கதை. கேட்டவர்கள் மெய்சிலிர்த்தனர். எங்களுக்கும் ஒரு குரல் கேட்டது. அது இறந்த இளவரசன் குரலன்று. அந்தப் பேஷ்வாக்களின் தலைநகரில், தாழ்த்தப்பட்ட மக்கள் நடந்த அடிச்சுவட்டை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் மண்ணில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததென அம்பேத்கர், 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் குறித்திருக்கிறாரே, அந்த மக்களின் குரல்! அரச குடும்பத்தில் பிறந்த ஒருவன் எழுப்பிய ஓலம் இருநூற்றைம்பது ஆண்டாகக் கேட்கிறதாம். ஊர் முழுதும் உயிரோடு நின்று எழுப்பிய ஓலம் எந்த வழிகாட்டியின் காதிலும் விழவில்லையாம்!

பிற்பகல், பர்வதிக் குன்று. நூற்றுக்கு மேற்பட்ட படிகள். உச்சியில் பேஷ்வாக்கள் எழுப்பிய கோயில். சுற்றிலும் நகரத்தின் எழிற்காட்சி. காற்று இனிமையாகத்தான் வீசியது. அடிவாரத்தில்தான், ஆண்டுதோறும் புரோகித வகுப்பார்க்குத் தட்சிணை அள்ளி வழங்கினர் பேஷ்வாக்கள். அதே குன்றின் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டுத் தாழ்த்தப்பட்ட மக்கள் 1929-இல் அறப்போர் தொடங்கினர், கல்லடி பட்டனர். வைக்கத்தில் 1924-இல் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடிச் சிறை புகுந்த பெரியாரை நினைத்துக்கொண்டே படியிறங்கினோம். கேரளத்துத் தெருவாயினும் மராட்டியத்துக் குன்றாயினும், மறித்து நின்ற மதில் ஒன்றே.

வியாழக்கிழமை, மாப்பிள்ளையின் தாயார் எங்களுக்கு வழித்துணையாக வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு மராட்டி தெரியாது. ஆங்கிலம் இடையில் நின்று உதவிற்று. பட்டியலை வாங்கிப் பார்த்தார், புன்னகைத்தார். "இதில் இல்லாத இரண்டு இடங்களுக்கு அழைத்துப் போகிறேன்" என்றார்.

முதலில் புத்வார் பேட்டை. தெருவின் ஒரு பக்கம், தகடூசேட் கணபதி கோயில். மாலையும் தேங்காயுமாக மக்கள் வெள்ளம். எதிர்ப்பக்கம், வெற்றிடம். கோயிலை நோக்கித் திரும்பிய எங்களை அந்த அம்மையார் தோளைத் தொட்டுத் திருப்பி, அந்த வெற்றிடத்தைக் காட்டினார். அங்கேதான் பிடே வாடா இருந்தது. 1848-இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிய வீடு! நீண்ட வழக்குக்குப் பின், பாழடைந்து நின்ற கட்டடத்தை நினைவிடம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடித்திருந்தனர். நாங்கள் கண்டது வெறும் தரை. அந்தத் தரையை நோக்கி நடந்துவரும்போதுதான், சாவித்திரிபாய் மீது சாணமும் கல்லும் வீசினர் வைதிகர். அழுக்கான சேலையை மாற்றிக்கொள்ள மற்றொரு சேலையைக் கையோடு எடுத்து வந்தாராம் அந்த வீராங்கனை! பாடம் சொல்லப் போகும் பெண்ணுக்குப் புத்தகம் ஒரு கையில், மாற்றுச் சேலை மறு கையில்! இப்படி ஒரு நாட்டில்தான் கலைமகளுக்குக் கோயிலும் கட்டினோம்.

அடுத்து, புலேயின் மனை. பேஷ்வா மாளிகையிலிருந்து தொலைவில்லை. தாழ்ந்த கூரை, மரத் தூண்கள், சிறு முற்றம், ஒரு கிணறு. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோர் நீர் எடுக்க 1868-இல் திறந்துவிட்ட கிணறு அது. அந்த விளிம்பில் நாங்கள் மூவரும் நெடுநேரம் நின்றோம்.

எங்களைப் போல மணவினைக்கு வந்தோர் அறிய வேண்டிய செய்தி அந்த மனையில் நிறைய உண்டு. சாவித்திரிபாய்க்கு 1840-இல் மணமானபோது அவருக்கு ஒன்பது வயது, ஜோதிராவுக்குப் பதின்மூன்று. குழந்தை மணம்தான். ஆனால் அந்தக் கணவன் மனைவிக்கு எழுத்தறிவித்தான். அந்த மனைவி ஊருக்கு எழுத்தறிவித்தாள். இதற்காகவே தந்தை வீட்டினின்று இருவரும் வெளியேற நேர்ந்தது. கருவுற்ற கைம்பெண்கள் பிள்ளையைக் கொல்லவோ தம்மையே மாய்த்துக்கொள்ளவோ நேராதபடி 1863-இல் புகலிடம் அமைத்தனர். அங்கே பிறந்த பார்ப்பனக் கைம்பெண்ணின் குழந்தையையே தம் மகனாக ஏற்றனர். 1873 செப்டம்பர் 24-இல் சத்தியசோதக் சமாஜம், அதாவது உண்மை நாடுவோர் கழகம், தோன்றியது. அந்த ஆண்டு டிசம்பர் 25-இல், புரோகிதர் இல்லாத முதல் திருமணத்தை நடத்திவைத்தனர், முன்னின்றவர் சாவித்திரிபாய். தமிழ்நாட்டில் பெரியார் தலைமையில் 1928-இல் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் முன்பு! புலே மணவினைக்கென எழுதியுள்ள வரிகளில், மணமகள் பெண்ணுரிமை கேட்கிறாள்; மணமகன் தருவதாக உறுதி கூறுகிறான். புரோகிதர்கள் சும்மா இருந்தார்களா? தம்மை அழைக்காமல் மணம் நடத்தியோர்மீது, தமக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர்! செய்யாத வேலைக்குக் கூலி! வேதம் எதற்கென்று இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

ஒன்றையும் மறத்தல் ஆகாது. பிறப்பால் பார்ப்பனரான தோண்டோ கேசவ கார்வே, 1893-இல் கைம்பெண் ஒருவரை மணந்து, தம் குலத்தாரின் புறக்கணிப்பைத் தாங்கி, இதே புனேயில் பெண்கல்விக்காக வாழ்நாளை ஈந்தார். பிறப்பு நம் பகையன்று. பிறப்பைக் காட்டி உரிமை பறிக்கும் முறைதான் பகை.

அந்தக் கிணற்றடியில்தான் மாப்பிள்ளையின் தாயார் மெல்லக் கேட்டார்: "தவறாக எண்ண வேண்டாம். பெரியார் நாட்டிலிருந்து வந்தவர்கள் நீங்கள். ஓமமும் கன்னிகாதானமும் வேண்டுமென்று உங்கள் வீட்டில் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்? என் பாட்டியின் மணமே சத்தியசோதக் முறையில் நடந்தது. உங்கள் மனம் நோகக் கூடாதே என்றுதான் நாங்கள் இசைந்தோம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாய்விட்டுச் சிரித்தோம். காரணம் கேட்டு அவரும் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டார்க்காகத் தமையனார் இசைந்தார். பெண் வீட்டார்க்காக மாப்பிள்ளை வீட்டார் இசைந்தனர். மணமகளுக்கு வேண்டாம், மணமகனுக்கு வேண்டாம், இருபுறத்துப் பெற்றோர்க்கும் வேண்டாம். எவர்க்குமே வேண்டாத புரோகிதர், எல்லாருடைய பெயராலும் முன்பணம் பெற்றுவிட்டார்!

சிரிப்பு அடங்கியதும் சிந்தனை எழுந்தது. தோழர்களே! வைதிகம் இன்று நிற்பது வேதத்தின் வலிமையாலா? நம்பிக்கையின் வலிமையாலா? அன்று, 'அவர்கள் என்ன நினைப்பர்?' என்னும் ஐயத்தின் வலிமையால்! உண்மையிலேயே நம்புவோர் உண்டு. அவர்களோடு நாம் வாதிடலாம். நம்பாமலே பிறர்க்காக வணங்குவோரோடு எப்படி வாதிடுவது? ஒவ்வொருவரும் அடுத்தவர் முகம் நோக்குகின்றனர், அடுத்தவரும் அவ்வாறே. அந்த இடைவெளியில் பாய்விரித்து அமர்ந்துகொள்கிறது புரோகிதம். அதை எழுப்பிவிட ஒரே ஒருவர் வாய் திறந்து, 'உங்களுக்கு இது வேண்டுமா?' என்று கேட்டால் போதும்.

அன்று மாலை தமையனாரிடம் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தலைக்கு மேலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்பா எவரையும் கேட்கவில்லை" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் உண்மையாகவே நம்பிய ஒருவர் இருந்தார்; அண்ணியாரின் தாய், எண்பதைக் கடந்த மூதாட்டி. "அக்கினி சாட்சி இல்லாமல் ஒரு கல்யாணமா? நாளைக்கு இவளுக்கு ஒன்று என்றால் யாரம்மா சாட்சி சொல்வார்?" என்று கண்கலங்கினார். அதை எள்ளி நகையாட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வியில் மடமை மட்டுமா இருந்தது? கைவிடப்பட்ட பெண்களைக் கண்டு கண்டு நைந்த நெஞ்சின் அச்சமும் இருந்தது. பேத்தி அவர் கையைப் பற்றிக்கொண்டு சொன்னாள்: "பாட்டி, தீ கையெழுத்துப் போடாது, நாளைக்கு நீதிமன்றத்துக்கும் வராது. மூன்று சாட்சி வேண்டும். முதல் சாட்சி நீங்கள்தான்."

வெள்ளிக்கிழமை, பதிவு அலுவலகத்தில் மணமகள் தமிழிலும் மணமகன் மராட்டியிலும் உறுதிமொழி கூறினர். சாட்சிகளுள் ஒருவர் மாப்பிள்ளையின் தாயார். மற்றொருவர் அந்த மூதாட்டி. நடுங்கும் விரலால், எழுத்துக் கூட்டி, தமிழில் தம் பெயரை எழுதினார். கைந்நாட்டு வைக்க மறுத்துவிட்டார்! ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மாலை மாற்றலும் வாழ்த்துரையும் விருந்தும் நடந்தன. வானம் இடிந்து விழவில்லை. உறவினர் எவரும் உணவை மறுக்கவுமில்லை.

இத்துடன் பணி முடிந்ததென்று எண்ண வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பு, இரு வீட்டாரும் இசைந்த இடத்தில் வெறும் காத்திருப்பு. இசையாத இடத்திலோ, காதலரைத் துரத்துவோர்க்குக் கொடுக்கும் முகவரி. 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், உரிய சடங்கு நடவாமல் பதிவு மட்டும் செய்துகொண்டால் இந்துத் திருமணச் சட்டப்படி மணம் ஆகாதென்று கூறிற்று. அதே உச்சநீதிமன்றம்தான் 2023 ஆகஸ்டில், 7-அ பிரிவின்படி நடக்கும் மணத்துக்கு ஊரறிந்த விழாவும் தேவையில்லை என்று சொல்லியிருந்தது. தமிழ்நாடு பெற்ற உரிமையின் அருமை இப்போது விளங்குகிறதா? இந்த உரிமை நாடு முழுதும் பரவ வேண்டாமா? நாம் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. 2016-இல் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காக ஓர் இளைஞன் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டிச் சாய்க்கப்பட்டான். சட்டம் வந்த மண்ணில்தான் அதுவும் நடந்தது.

பேஷ்வாவின் மாளிகைக்கும் புலேயின் மனைக்கும் மராட்டியில் ஒரே பெயர்தான்: வாடா. தமிழ்க் காதுக்கு அச்சொல் வாடாதது என்றும் ஒலிக்கிறது. மதிலும் முள்ளும் கொண்ட மாளிகை எரிந்து வாடிற்று. கதவு திறந்து கிணற்றைப் பொதுவாக்கிய மனை வாடவில்லை. அது வாடாமல் இருப்பது கூரையாலும் தூணாலும் அன்று. அங்கே தொடங்கிய செயலை எங்கோ ஒருவர் மீண்டும் செய்வதால். நினைவிடம் எழுப்பலாம், படம் மாட்டலாம், பிறந்தநாள் கொண்டாடலாம். செய்வதை நிறுத்திவிட்டால் அவையெல்லாம் வெறும் பார்வை இடங்களே. ஆளுக்கொரு சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்!

இளந்தோழர்களே! உங்கள் வீடுகளிலும் மணப்பேச்சு எழும். உங்கள் கூடங்களிலும் பாட்டன் பாட்டியின் மணப்படம் தொங்கலாம். 'மற்றவர்க்காக' என்று எவரேனும் தொடங்கும்போது, அந்த மற்றவரிடமே சென்று கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், ஆனால் கேளாமல் இருந்துவிடாதீர்கள். உண்மையிலேயே நம்புவோரை அன்போடு அமரவைத்து, சாட்சிக் கையெழுத்துக்கு எழுதுகோலை நீட்டுங்கள். நம்பாமலே தலையாட்டுவோர்க்கு, உங்கள் கேள்வி ஒன்றே போதும்.